பூச்சியத்தால் வகுத்தவர்கள்

சுருக்கவில்லை, அதுதான் இந்தத் தாளை எழுதிய ஆளிடம் உள்ள கோளாறு. சமன்பாட்டின் இரண்டு பக்கமும் பதினைந்து இருக்கிறது, இரண்டு பக்கமும் p வர்க்கம் இருக்கிறது, q வர்க்கம் இருக்கிறது, சாய்வாகக் கோடு கிழித்து எல்லாவற்றையும் அடித்துவிட்டு அடுத்த வரிக்கு இறங்குவதுதானே வழக்கம், ஜெபக்கனி இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் இறங்கியிருக்கிறாள், இறங்கக் கற்றும் கொடுத்திருக்கிறாள். இந்த ஆள் மட்டும் எதையும் அடிக்காமல் எல்லாவற்றையும் இடது பக்கம் தூக்கிவந்து வைத்து, பொதுவானதை அடைப்புக்கு வெளியே எடுத்து, வலது பக்கம் ஒரு பெரிய பூச்சியத்தைப் போட்டுவிட்டு நிதானமாக நிற்கிறது. ஆணா பெண்ணா தெரியாது. பெயர் இருந்த மேல்துண்டைக் கிழித்துக்கொண்டு ஓர் எண்ணைக் குத்தித்தான் தாளை அனுப்புகிறார்கள். தொலைநிலைக் கல்வியில் எழுதுகிறவர்கள், பதினெட்டு வயதும் இருக்கும், ஐம்பத்தெட்டும் இருக்கும். கையெழுத்து மட்டும் பழையது, ‘ண’வுக்கு மூன்று சுழி பிசகாமல் போடுகிற கை. வரிக்கு வரி தமிழும் ஆங்கிலமுமாக மாறி மாறி எழுதியிருப்பது அவளுக்குத் தன் கல்லூரி நோட்டையே பார்ப்பது போல இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை ‘ஈருறுப்புப் பரவல்’ என்று படித்துவிட்டு, கல்லூரி முதல் நாளில் கரும்பலகையில் பைனாமியல் என்று விழுந்ததும் இது என்ன புதுப் பாடமோ என்று நினைத்துவிட்டாள், மூன்றாம் நாள்தான் அட இது நம்ம பழைய ஆளு என்று தெரிந்தது. அந்த மூன்று நாளும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தமிழ் மீடியம் என்று தெரிந்துவிடும். இப்போது நினைத்தால் யார் மேல் என்றில்லாமல் கோபம் வந்தது, தெரிந்தால் என்ன, தெரியட்டுமே.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் மேல்மாடிக் கூடம், ஏப்ரல் வெயில், பதினாறு மின்விசிறிகளில் பதினொன்று சுற்றியது. நாற்பது பேர் குனிந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்கள். தாள்கள் பறக்காமல் இருக்கத் தண்ணீர்ப் பாட்டில், டிபன் டப்பா, ஒருவர் கழற்றி வைத்த கைக்கடிகாரம். சிவப்புப் பேனா ஒழுகி அவள் நடுவிரல் நகத்தைச் சுற்றி மருதாணி மாதிரி ஏறியிருந்தது. காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு, கட்டுக்கு இருபது தாள், நாலரைக்கு வேன் வரும், சணலால் கட்டி அரக்கு வைத்து அனுப்ப வேண்டும். இவள் கட்டில் இன்னும் ஏழு தாள் பாக்கி. அந்த ஏழையும் விட்டுவிட்டு இந்த ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் போட்டுக் கூட்டியாயிற்று, முப்பத்திரண்டு. தேற நாற்பது வேண்டும். மிச்சம் இருப்பது ஒன்பதாம் கேள்வி ஒன்றுதான், பத்து மதிப்பெண். ஆறு முறை முயல்கிறோம், ஒவ்வொரு முறையும் வெற்றிக்கான நிகழ்தகவு p, தோல்விக்கானது q, இரண்டையும் கூட்டினால் ஒன்று. நான்கு வெற்றி கிடைக்கும் நிகழ்தகவை ஒன்பதால் பெருக்கினால் இரண்டு வெற்றி கிடைக்கும் நிகழ்தகவுக்குச் சமமாகிறது. p எவ்வளவு? விடைக்குறிப்பைக் காலையிலேயே எல்லாருக்கும் நகல் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். சூத்திரத்துக்கு இரண்டு, பிரதியிட இரண்டு, சுருக்கலுக்கு மூன்று, p = 1/4 என்ற விடைக்கு மூன்று. இந்த ஆள் சுருக்கவில்லை, ஆகவே மூன்று போச்சு. ஒன்றுக்கு மேல் விடை எழுதியிருக்கிறது, ஆகவே இன்னொரு மூன்றும் போச்சு. நாலு. முப்பத்தாறு. பெயில். அரை நிமிஷ வேலை. பேனா முனை தாளில் பட்டு ஒரு சிவப்புப் புள்ளி வைத்து அங்கேயே நின்றது.

ஏனென்றால் அடுத்த நான்கு வரி. ‘p = 0, அல்லது q = 0, அல்லது 3p = q. மூன்றாவதிலிருந்து p = 1/4. 3p = –q என்றால் p குறை எண் ஆகும், நிகழ்தகவு குறை எண் ஆகாது, தள்ளுக. p = 0 என்றால் வெற்றியே இல்லை, நாலு வெற்றியும் இல்லை ரெண்டு வெற்றியும் இல்லை, 0 = 0, சமன்பாடு சரி. p = 1 என்றால் எப்போதும் வெற்றி, அப்போதும் 0 = 0. p பூச்சியம் இல்லை என்று கேள்வியில் சொல்லவில்லை. எனவே விடை மூன்று.’ முதல் தடவை படித்தபோது அதிகப்பிரசங்கி என்றுதான் தோன்றியது. இரண்டாம் தடவை, சும்மா, பொய்யென்று காட்டிவிடலாம் என்றுதான் p இருந்த இடத்தில் பூச்சியத்தைப் போட்டுப் பார்த்தாள். ஒன்பது பெருக்கல் பூச்சியம், இந்தப் பக்கம் பூச்சியம். சரிதான். ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். சரிதான். முதுகுத்தண்டில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. p வர்க்கத்தால் இரண்டு பக்கத்தையும் வகுத்தால்தானே அது அடிபடும், p பூச்சியமாக இருந்தால் வகுக்கவே கூடாதே, பூச்சியத்தால் வகுக்காதே வகுக்காதே என்று எத்தனை வகுப்பில் சாக்பீஸ் உடையத் தட்டித் தட்டிச் சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு அதே மணி நேரத்தில் அதே பலகையில் p-ஐ p-யால் அடித்திருக்கிறாள். மாலத்தீவில் பதினான்கு வருஷம் இதே கணக்கு. சுற்றி வர இருபது நிமிஷம் ஆகும் தீவு, ஜன்னலுக்கு வெளியே கடல், கரும்பலகையைப் பார்த்து நின்றால் பிடரியில் உப்புக்காற்று, அங்கே நின்றும் அடித்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. விடை ஒன்று வந்தது, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தோடு பொருந்தியது, மணி அடித்தது. தெரியாததைக் கண்டுபிடிக்க வந்தவர்கள், கண்டுபிடிக்கும் முன்னாலேயே அது இன்னதாக இருக்க முடியாது என்று முடிவு கட்டிவிட்டு, அந்த முடிவை எழுதாமலும் விட்டுவிட்டு, மேலே போய்விட்டோம்.

ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. ஏன் வந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. தம்பி கேட்டான், தம்பி பெண்டாட்டி கேட்காமல் கேட்டாள், கோயிலில் பக்கத்து பெஞ்சுக்காரி ஜெபம் முடிந்து ஆமென் சொன்ன வாயோடு கேட்டாள். வரணும்னு தோணுச்சு, வந்தேன். அதற்குமேல் ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், நோய், சண்டை, வேலை போச்சு, ஏதாவது. கொடுக்க முடியாது. ஒரு கல்லூரியில் நேர்காணல், எதிரே மூன்று பேர், நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் “நாப்பத்தெட்டா?” என்றார். “நாப்பத்தேழு முடிஞ்சிருக்கு.” “இனிமே என்னம்மா.” அந்த ‘இனிமே என்னம்மா’வை வீடு வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்கும் அதே சொல், வீடு கட்டுவதற்கும் அதே சொல், கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனபோதும். வேண்டாம், இங்கே கொண்டுவந்து முடிச்சுப் போடாதே, கணக்கிலிருந்து வாழ்க்கைக்குப் பாடம் எடுக்கிற பேச்சு அவளுக்கு என்றைக்குமே பிடிக்காது, அது பட்டிமன்ற வேலை. இது வெறும் ஒன்பதாம் கேள்வி. பத்து மதிப்பெண். சரியா தப்பா, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டபோதே அவ்வளவுதானா என்று ஒன்று உள்ளே இடறியது. கடைசியாகக் கிடைத்தது இந்தக் கௌரவ விரிவுரையாளர் வேலை. ஜூனில் புதுப்பிக்க வேண்டும். திருத்தும் முகாமில் பெயர் கெட்டால் கல்லூரிக்கு ஒரு கடிதம் போகும், கடிதம் போனால் புதுப்பிக்க மாட்டார்கள், புதுப்பிக்காவிட்டால் இனிமே என்னம்மா. பயமா இருக்கா என்று தன்னையே கேட்டாள். இருக்கு. இருக்கட்டும், அது பாட்டுக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கட்டும்.

“என்னக்கா, அந்த ஒரே தாள அடைகாக்கியளா? வடை ஆறிக் கல்லாப் போச்சு.” பக்கத்து மேஜை சபுரா. மேலப்பாளையத்துக்காரி, ஆறு வருஷமாக இந்த முகாமுக்கு வருகிறவள், நாக்கு நீளம், மனசு அதைவிட நீளம். “சபுரா, இங்க பூச்சியம் போட்டுப் பாரேன்.” “அய்ய, மொத்தமா பூச்சியமா? பாவம்க்கா, எழுதியிருக்குல்லா.” “மார்க் இல்லட்டீ, p-க்கு.” சபுரா தாளை இழுத்து, உதடு அசையப் படித்து, மேஜையிலேயே விரலால் எழுதிப் பார்த்தாள். விரல் நின்றது. “ஆமா. வருது. அடப்பாவி.” இன்னொரு தடவை பார்த்தாள். “ஒன்னும் வருதே. யாருக்கா இது?” “தெரியல.” “எங்க சாரு, அவுங்க சாரு, நான், நீங்க, எல்லாரும் அடிச்சிட்டுத்தான வந்தோம்.” குரலைத் தாழ்த்தினாள். “நாலு போட்டுட்டு அடுத்ததப் பாருங்க. போன வருஷம் ஒரு சார் இப்படித்தான் கேள்வி கேட்டாரு. இந்த வருஷம் அவர எங்கயாச்சும் பாத்தியளா?” பார்க்கவில்லை. ஜெபக்கனி எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது. சேலை நாற்காலி ஆணியில் மாட்டி இழுத்தது, விடுவித்துக்கொண்டு, கையில் தாளோடு, நாற்பது குனிந்த தலைகளுக்கு நடுவில் முன்மேஜைக்கு நடந்தாள். நடக்க நடக்க p பூச்சியம் என்றால், p பூச்சியம் என்றால் என்று செருப்பின் சத்தத்தோடு அது ஓடியது.

முகாமின் தலைவர் சங்கரபாண்டியன் கெட்டிக்காரர், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிறது, கணக்கு தெரிந்தவர், அதுதான் சிக்கல். கணக்கு தெரியாதவராக இருந்தால் மனசுக்குள் மன்னித்துவிட்டுச் சண்டை போடலாம். “வாங்க மாலத்தீவு மேடம். அங்க கடலும் ஜாஸ்தி, நேரமும் ஜாஸ்தி. இங்க நாலரைக்கு வேன்.” முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். “ஒண்ணுக்கு மேல விடை எழுதினா விடைக்கு மார்க் இல்லன்னு காலைலயே சொன்னேனா?” “சொன்னீங்க சார்.” “சுருக்கலுக்கு மூணு. சுருக்கியிருக்கா?” “இல்ல சார். சுருக்கக் கூடாது.” “கூடாதா?” அவர் நிமிர்ந்தார். “முப்பத்தஞ்சு வருஷமா சுருக்குறோம்மா.” “முப்பத்தஞ்சு வருஷமாத் தப்பு சார்.” அதை அவ்வளவு சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை. கூடத்தில் பேனாக்கள் நின்றன, மின்விசிறி மட்டும் கடகடத்தது. அவர் கோபப்படவில்லை. ஒரு துண்டுத்தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தார், போட்டுப் பார்த்ததை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். மூடியதை அவள் பார்த்தாள். அந்தக் கை மூடிய விதத்தில்தான், ஆமாம், அவருக்கும் 0 = 0 வந்துவிட்டது என்று தெரிந்தது. “சரிம்மா, p பூச்சியம்னே வையுங்க. நடக்கவே நடக்காதுன்னு தெரிஞ்ச ஒண்ண எவனாவது ஆறு தடவை முயற்சி பண்ணுவானா? அது ஒரு பரவலா?” இப்போது சிரிப்பு கூடத்தின் பின்வரிசை வரை போய்த் திரும்பியது. ஜெபக்கனிக்கு முகம் சுட்டது. பதினோரு விண்ணப்பம், ஏழு நேர்காணல், மடியில் வைத்துக்கொண்டு வந்த பஸ், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது, அதில் ஒன்றைக்கூட இங்கே இறக்கி வைக்கப் போவதில்லை. “நடக்காதுன்னு முன்கூட்டியே யாருக்கு சார் தெரியும்? தெரியாததனாலதான அதுக்கு p-ன்னு பேர் வச்சுக் கேக்குறோம்.”

அவர் துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு குரல் மாறியது, வீட்டுக்கு வந்தவரிடம் பேசுவது போல. “மேடம், உங்களுக்கு என்ன, அந்த ஆள் தேறணும், அவ்வளவுதான? முப்பத்திரண்டு இருக்கு. சுருக்கலுக்குப் பதிலா ஏதோ பண்ணியிருக்குன்னு மூணு சேத்து ஏழு போடுங்க. முப்பத்தொம்பது. ஒரு மார்க் கருணை மதிப்பெண் நான் போட்டு விடுறேன். விடைக்குறிப்பையும் தொடல, ஆளும் பாஸ்.” நல்ல மனுஷன்தான். இதை ஏற்றுக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது, சபுராவுக்குக் கூட. தலையை ஆட்டிவிடலாம், தாளை வாங்கிக்கொண்டு போய் ஏழு என்று எழுதிவிடலாம், அந்த மூன்று சுழிக்காரருக்கு ஒரு நாளும் தெரியப் போவதில்லை, தேறிவிட்டோம் என்று சந்தோஷம்தான் படுவார். ஆனால் எதற்குக் கருணை? இந்தக் கூடத்தில் இன்றைக்கு ஒன்பதாம் கேள்வியை முழுசாகப் போட்டது அந்த ஒருவர்தான், அவருக்கு நாம் பிச்சை போடுவதா, பத்துக்குப் பத்து வாங்கிய நம் எல்லாருக்கும் அல்லவா யாராவது கருணை காட்டியிருக்கிறார்கள் இத்தனை வருஷமாக. “வேண்டாம் சார்” என்றாள். “என்ன வேண்டாம்?” “கருணை வேண்டாம். பத்து வேணும்.” “யாரோ எழுதின தாளுக்கு நீங்க என்னம்மா பத்து வேணும்னு நிக்கீங்க!” “சரியா எழுதியிருக்கு சார்.” அப்போதுதான் பின்னாலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. சபுரா. கையில் பல்கலைக்கழகத்தின் பாடநூல், கட்டைவிரல் நடுவில் செருகியிருந்தது. “சார், நம்ம புத்தகத்துலயே போட்ருக்கு. பக்கம் நூத்திப் பதினாலு. p பூச்சியத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ, ஒன்றுக்குச் சமமாகவோ சிறிதாகவோ இருக்கலாம்னு. சமமாகவோன்னு இருக்கு சார்.” சொல்லிவிட்டு, யாரோ தன்னை அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டது போல முழித்தாள்.

சங்கரபாண்டியன் அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தார். புத்தகத்தை மூடவில்லை, அப்படியே மேஜையில் கவிழ்த்து வைத்தார். “போட்டுத் தொலைங்க. ஓரத்துல காரணம் எழுதி உங்க கையெழுத்து. கீழ நான் போடுறேன். லட்சத்துல ஒருத்தர் இப்படி எழுதுவாங்க, அந்த ஒருத்தரும் உங்க கட்டுலயா வரணும்? இத்தோட முடிஞ்சுது, என்ன?” அவள் குனிந்து பத்து என்று எழுதினாள். நாற்பத்திரண்டு. ‘p பூச்சியமாக இருக்கலாம் என்பதால் வகுக்கவில்லை, முறை சரி’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவரும் போட்டார். முடிந்தது. ஜெயித்தாயிற்று. சபுரா அவள் முழங்கையைக் கிள்ளினாள். திரும்ப வேண்டியதுதான், ஏழு தாள் கிடக்கிறது. லட்சத்தில் ஒருத்தர். அந்தச் சொல்லில் ஏதோ மாட்டிக்கொண்டது, ஆணியில் சேலை மாட்டியது போல, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. லட்சத்தில் ஒருத்தர் இல்லை. ஒருத்தர் இல்லை. நேற்று. நேற்று மத்தியானம், டீ வருவதற்கு முன், தூக்கம் சொக்கிய நேரம், நீல மசி, கோணல் எழுத்து, ‘p = 0 அல்லது’ என்று ஒரு வரி இருந்தது, அதன்மேல் அவள்தான் ஒரு கோடு கிழித்தாள், பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டாள், போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டாள். கொட்டாவி கூட நினைவிருக்கிறது. எத்தனை போட்டோம் நினைவில்லை. தேறியதா தேறவில்லையா நினைவில்லை. இன்றைக்கு இந்தத் தாள் கண்ணில் பட்டு மூன்று முறை திருப்ப வைத்ததே அதனால்தானோ, அந்தக் கோடு உள்ளே எங்கோ அழியாமல் கிடந்ததோ. இப்போது பேசாமல் திரும்பினால் யாருக்கும் தெரியாது. பேசினால் தவறாகத் திருத்தியதாகத் தன் வாயால் ஒப்புக்கொண்டது ஆகும், முகாம் பட்டியலில் பெயர் அடிபடும், கல்லூரிக்குக் கடிதம், ஜூன். பயம் ஓரத்திலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. நில்லு. நின்று கேட்டுக்கோ.

“இத்தோட முடியல சார்” என்றாள். “நேத்து நான் ஒரு தாள்ல இதையே வெட்டியிருக்கேன்.” சபுராவின் விரல்கள் முழங்கையிலிருந்து விலகின. “எந்தத் தாள்? எண் என்ன?” “தெரியாது. நேத்து மத்தியானம் நான் திருத்தின இருபதுல ஒண்ணு.” “நேத்துக் கட்டெல்லாம் அரக்கு வச்சுக் கீழ அறையில இருக்கு. இன்னைக்கு உள்ளதோட வேன்ல போகுது.” “பிரிக்கணும் சார்.” “அரக்கை உடைச்சா நான் மேல எழுதியாகணும்மா. உங்க பேரைப் போட்டு எழுதணும். தவறான மதிப்பீடுன்னு எழுதணும். என்ன ஆகும்னு தெரியுமா?” “தெரியும் சார். தவறான மதிப்பீடுதான், அப்படியே எழுதுங்க.” “நினைவுப் பிசகா இருந்தா? இருபதையும் புரட்டிப் பாத்து அப்படி ஒண்ணும் இல்லன்னா?” “இருக்கலாம், இல்லாமலும் போகலாம்ங்கிற கதை இல்ல சார். நான் வெட்டினது உள்ள இருக்கு.” அவர் சாவிக்கொத்தை எடுத்தார், கொடுப்பதா வேண்டாமா என்று அதன் எடையைப் பார்ப்பது போல ஒருமுறை உள்ளங்கையில் குலுக்கிவிட்டு மேஜையின் இந்தப் பக்கமாகத் தள்ளினார். “என் முன்னாலதான் உடைக்கணும். நடங்க, வாரேன்.”

கீழ் அறையில் ஜன்னல் இல்லை, புழுக்கம், பசையும் சணலும் சேர்ந்த வாடை. மேஜை நிறைய இன்றைய கட்டுகள், அதனால் தரையிலேயே உட்கார்ந்தாள். சங்கரபாண்டியன் வாசலில் நின்றுகொண்டு ஒரு தாளில் நேரத்தைக் குறித்தார், மூன்று ஐம்பத்திரண்டு, அவள் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல், முதலெழுத்தோடு எழுதிக்கொண்டார். நேற்று மத்தியானக் கட்டின் அரக்கு நினைத்ததைவிட லேசாக உடைந்தது. முதல் தாளில் ஒன்பதாம் கேள்வியே இல்லை. இரண்டாவது தாளில் இருந்தது, எல்லாம் அடிபட்டு, சுத்தமாகச் சுருங்கி, p = 1/4, ஓரத்தில் அவள் கையெழுத்தில் பத்து. அந்தப் பத்தை ஒரு கணம் பார்த்தாள். வேனை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்திவிட்டான் டிரைவர், வெளியே ஹாரன் கேட்டது. “சீக்கிரம் மேடம்” என்றார் வாசலில் நின்றவர். மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக. அடிக்கட்டும் என்று மூன்றாவது தாளை எடுத்தாள்.